மூன்றாவது லைனிங்

தன் தையல் கடையில் ஒரு அம்மாளுக்கு இடுப்பளவு பிடித்துக்கொண்டிருந்தாள் பல் செட்டு மாஸ்டரின் மனைவி. வாயில் நான்கு குண்டூசிகள். அந்த அம்மாள், "வியாழக்கிழமைக்குள்ள கிடைச்சிடுமா?" என்று கேட்டாள். பதில் சொல்ல இவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், மேல்வரிசைப் பல் செட்டு குண்டூசிகளோடு சேர்ந்து அந்த அம்மாளின் கால்மேல் விழுந்தது. அந்த அம்மாள் அலறிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். இவள் அலறவில்லை. குனிந்து செட்டை எடுத்தாள், குண்டூசிகளைப் பொறுக்கினாள், ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் அளவை முடித்துவிட்டுத்தான் கடையைப் பூட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் செட்டை ஒரு கைக்குட்டையில் சுருட்டிக் கணவன் முன்னால் வைத்தாள்.

"உங்க கைவேலை இன்னிக்குக் கடைத்தரையில கிடந்துச்சு. பார்த்துக்குங்க."

மாஸ்டரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். சமையலில் உப்பு கூட என்றால் சிரிப்பார், போட்டிருக்கும் சட்டை சரியில்லை என்றால் மாற்றிக்கொள்வார். அவர் செய்த பல் செட்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. முப்பத்தோரு வருஷமாகப் பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு மேல் மாடியில், ஒரே ஒரு ஜன்னல் உள்ள அறையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுப்பவர். கீழே டாக்டரம்மா அளவு எடுப்பார். மேலே மாஸ்டர் அச்சு வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, அக்ரிலிக்கில் தட்டு போட்டு, மோட்டாரில் பாலிஷ் ஏற்றிக் கொடுப்பார். போட்டுக்கொள்பவர்களுக்கு டாக்டரம்மாவைத்தான் தெரியும். மாஸ்டரின் முகத்தைப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் அவர் பஸ்ஸில் போகும்போதும் பாங்கில் வரிசையில் நிற்கும்போதும் யார் சிரித்தாலும் வாயைத்தான் பார்ப்பார். அது தன் பல்லாக இருந்தால் அன்றைக்கு முழுவதும் தலைகால் தெரியாது மனுஷனுக்கு.

அவர் செய்ததிலேயே உயர்ந்தது மனைவியின் செட்டு என்பது அவருடைய தீர்மானம். எட்டு வருஷம் முன்பு ஈறு நோயில் அவளுக்கு எல்லாப் பல்லும் போயிற்று. மூன்று வாரம் வேறு வேலையைத் தொடாமல் அதைச் செய்தார். அவளுடைய சொந்தப் பல்லில் முன்பல் ஒன்று பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறி நிற்கும். செட்டிலும் அப்படியே ஏற்றி வைத்தார். "ஏன் மாஸ்டர், நேரா வைக்கக் கூடாதா?" என்று டாக்டரம்மா கேட்டபோது, "நேரா வச்சா அது யாரோ ஒரு பொம்பளை, மேடம்," என்றார். மாட்டிக் கண்ணாடியில் பார்த்துவிட்டு அவள் அழுதாள். அந்த அழுகைதான் தன் வாழ்நாளில் கிடைத்த ஒரே பரிசு என்று அவர் நினைத்திருந்தார்.

அப்பேர்ப்பட்ட செட்டு கடைத்தரையில் கிடந்தது.

"வெந்நீர்ல கழுவினியா?"

"எட்டு வருஷமா பச்சைத் தண்ணிதான்."

"கீழ எங்கயாவது போட்டியா?"

"இன்னிக்குத்தான் அதுவா விழுந்துச்சு."

வேறு வழியில்லாமல் அவர் வேலையை ஒத்துக்கொண்டார். ஈறு இறங்கித் தட்டு தளர்ந்துவிட்டால் அதற்கு லைனிங் போடுவார்கள். தட்டின் உட்பக்கம் புதிதாக ஒரு படலம் ஏற்றி, ஈறுக்கும் தட்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியை அடைப்பது. சட்டப்படி டாக்டர்தான் வாயில் அளவு எடுக்க வேண்டும். வீட்டுச் சமையலறை மேஜையில் சட்டம் எங்கே வந்தது? ஞாயிற்றுக்கிழமை காலை அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தட்டில் அளவு மாவைத் தடவி வாயில் வைத்து, "மெதுவா கடி. பேசாத," என்றார். அவள் கண்ணாலேயே, பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சொன்னாள். மறுநாள் மாடியறையில் அந்த அளவில் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்தார். அச்சின் அடியில் பென்சிலால் தேதி எழுதி அலமாரியில் வைத்தார். பிப்ரவரி பதினேழு. எந்த அச்சிலும் தேதி எழுதாமல் வைக்க மாட்டார்.

லைனிங் போட்ட செட்டு கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. இரண்டு மாதம்தான். ஏப்ரல் கடைசியில் அவள் சாப்பிடும்போது கீழே குனிந்து, நாக்கால் மேல்தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுவதை மாஸ்டர் பார்த்துவிட்டார். அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மறுபடி அளவு, மறுபடி அச்சு, மறுபடி லைனிங்.

இதற்கு நடுவில் அவள் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. முதலில் கடினமானதையெல்லாம் ஒதுக்கினாள். பிறகு ரொட்டியைப் பாலில் ஊறவைத்தாள். பிறகு அரைத் தட்டு, கால் தட்டு. பார்த்தவர்கள் எல்லோரும், "என்ன இப்படி இளைச்சுப் போயிட்டே?" என்று கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா கேட்டாள், மளிகைக் கடைக்காரர் கேட்டார், டாக்டரம்மாவும் ஒருநாள் படியில் நின்று கேட்டார். எல்லோருக்கும் மாஸ்டரிடம் ஒரே பதில் தயாராக இருந்தது.

"செட்டு சரியா உக்காரல. அதான் சாப்பிட முடியல. நான் சரி பண்ணிக் கொடுத்துட்டேன்னா உடம்பு தானா ஏறிடும்."

டாக்டரம்மா மட்டும் விடவில்லை. "எதுக்கும் ஒரு தடவை அவங்களை அனுப்புங்க மாஸ்டர். நான் பார்க்கறேன்," என்றார்.

அதை மாஸ்டர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டார். தன் மனைவியின் வாய்க்கு இன்னொருத்தர் அளவு எடுப்பதா? "பார்க்கலாம் மேடம்," என்று சொல்லிவிட்டு மாடியேறினார். அந்தப் 'பார்க்கலாம்' என்றால் முடியாது என்று அர்த்தம்.

இங்கே மாஸ்டரைத் திட்ட வேண்டும் போலத்தான் இருக்கிறது. ஆனால் அவர் சும்மா இருந்தார் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. அந்த மனுஷன் அந்த நாலைந்து மாதமும் ராப்பகலாக மனைவியை நினைத்துக்கொண்டுதான் இருந்தார். "எங்க குத்துது?" என்று கேட்பார். அவள் ஈறில் ஒரு இடத்தைக் காட்டுவாள். அந்த இடத்தில் தட்டைத் தேய்ப்பார். மறுநாள் வேறொரு இடத்தைக் காட்டுவாள். அங்கேயும் தேய்ப்பார். ஒட்டுவதற்குப் பவுடர் வாங்கி வந்தார். அது வழுக்குகிறது என்றாள், பசை வாங்கி வந்தார். ஜூன் மாதம் மூன்றாவது லைனிங். அந்தத் தடவை அளவு மாவு வழக்கத்தைவிட நிறையப் பிடித்தது. அதைக் கவனித்தார். 'இவளுக்குத் தாடை எலும்பே சரியில்லை' என்று முணுமுணுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மாவு கலந்தார்.

கைக்கடிகாரத்தின் வார் தொளதொளவென்று மணிக்கட்டில் சுற்றுகிறது என்று அவள் ஒருநாள் கழற்றிக் கொடுத்தாள். மாடியறைக்குக் கொண்டுபோய்த் தன்னுடைய பல் துளைக்கும் மெஷினிலேயே வாரில் புது ஓட்டை போட்டுக் கொடுத்தார். ஓட்டையின் ஓரம்கூடப் பிசிறில்லாமல் வந்தது. "பாரு, எந்த வாட்ச் கடைக்காரன் இவ்வளவு சுத்தமா போடுவான்?" என்று கேட்டார். அவள், "யாரும் போட மாட்டாங்க," என்று சொல்லிக் கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கீழேயிருந்து டாக்டரம்மா ஒரு பஸ் டிரைவரை மேலே அனுப்பினார். ஆறடி ஆள். படியேறி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, வாயிலிருந்து செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குழறலாகத் தன் குறையைச் சொன்னார்.

"வண்டி குழியில இறங்கினா இது மடியில இறங்குது சார். கண்டக்டர் சிரிக்கிறான்."

மாஸ்டர் தட்டைத் திருப்பிப் பார்த்தார். தான் செய்ததுதான். வேலையில் குறை இல்லை.

"போட்டு எத்தனை வருஷம்?"

"அஞ்சு."

"எப்ப இருந்து லூசு?"

"மூணு மாசமா."

"பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டீங்களா?"

இது மாஸ்டர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி. எடை குறைந்ததா என்று நேராகக் கேட்டால் பாதிப் பேர் இல்லை என்பார்கள். பெல்ட் பொய் சொல்லாது. டிரைவர் வெட்கப்பட்டுக்கொண்டே சட்டையைத் தூக்கிக் காட்டினார். பெல்ட்டில் ஆணியால் குத்திய இரண்டு ஓட்டைகள் இருந்தன.

"பார்த்தீங்களா. உடம்பு இளைச்சா ஈறும் இளைக்கும். செட்டு லூசாகும். இது செட்டுல உள்ள கோளாறு இல்ல. முதல்ல பெரிய டாக்டர்கிட்டப் போய் ஏன் இளைக்கிறீங்கன்னு பாருங்க. அதைப் பார்க்காம நான் லைனிங் போட்டுக் கொடுத்தா, நோயை மூடி வச்ச பாவம் எனக்கு வரும்."

டிரைவர் சிரித்தார். "நீங்க வேற சார். சுகர்னு சொல்லி டாக்டர்தான் இளைக்கச் சொன்னார். பதினோரு கிலோ குறைச்சிருக்கேன். எல்லாம் நார்மல்."

"அப்போ நல்லது," என்றார் மாஸ்டர். சொன்ன பிறகு அவரால் வாயை மூட முடியவில்லை.

பெல்ட். ஓட்டை. கடிகார வார். தன் கையாலேயே, பிசிறில்லாமல்.

எழுந்துபோய் அலமாரியைத் திறந்து மனைவியின் மூன்று அச்சுகளையும் எடுத்து ஜன்னலோரம் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தார். பிப்ரவரி. ஏப்ரல். ஜூன். எட்டு வருஷம் பழகிய ஈறு நாலு மாதத்தில் இவ்வளவு இறங்காது. புதிதாகத் தொழிலுக்கு வந்தவன்கூடச் சொல்லிவிடுவான். அவளால் சாப்பிட முடியவில்லை, அதனால் இளைக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாரே, அது தலைகீழ். அவள் முதலில் இளைத்தாள். அதன் பிறகுதான் செட்டு தளர்ந்தது. முன்பின் தெரியாத டிரைவரிடம் முதல் நிமிஷத்திலேயே கேட்ட கேள்வியை, தினமும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டவளிடம் ஒருநாளும் கேட்கவில்லை.

"சார், என் செட்டு?" என்றார் டிரைவர்.

"நாளைக்கு வாங்க," என்று சொல்லிவிட்டு மாஸ்டர் படியிறங்கினார். மேலே மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. அதை டிரைவர்தான் நிறுத்திவிட்டுப் போனாராம்.

தையல் கடை நாலு தெரு தள்ளி. பதினொரு மணி வெயிலில் மேல்மூச்சு வாங்க வந்து நின்ற கணவனைப் பார்த்ததும் அவள் மெஷினை நிறுத்தினாள். வேலை நேரத்தில் அவர் அந்தக் கடைக்கு வந்ததே இல்லை.

"என்னங்க? யாருக்கு என்ன?"

"உனக்கு எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

என்ன, ஏது என்று அவள் கேட்கவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தாள். சுருட்டி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"இடுப்புல நாலரை இஞ்ச். மாருல மூணு," என்றாள். "எல்லா உடுப்பையும் மூணு தடவை பிடிச்சுத் தச்சாச்சு. அடுத்த தடவை பிடிக்கத் துணியில இடமில்ல."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லணும்னு எத்தனையோ நாள் வாயெடுத்தேன். நீங்க செட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"நான்தான் மடையன். உனக்குத் தெரிஞ்சிருக்கே. நீயாவது..."

"பயம்ங்க," என்றாள் அவள். "பல்லு சரியானா சாப்பிடுவ, சாப்பிட்டா ஏறிடும்னு நீங்க எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்ல? அதைக் கேக்கக் கேக்க நல்லா இருந்துச்சு. அப்படியே இருக்கட்டுமேன்னு நம்பிக்கிட்டேன். எங்க குத்துதுன்னு நீங்க கேட்டப்பல்லாம் ஈறைக் காட்டினேனே, அங்க ஒண்ணும் குத்தல. நாலு வாய் உள்ள போனா இங்க அடைக்குது." நெஞ்சுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினாள். "இதைக் காட்டினா நீங்க எதை வச்சுத் தேய்ப்பீங்க?"

கடைக்கு வெளியே யாரோ வந்து, தைத்த துணி தயாரா என்று எட்டிப் பார்த்தார்கள். இருவரும் நின்ற நிலையைப் பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள்.

அளவு பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தார்கள். ஒருத்தர் மில்லிமீட்டரில் பார்த்தார், ஒருத்தி அங்குலத்தில் பார்த்தாள். குறைந்த இடத்தில் அவர் ஏற்றிக்கொண்டே வந்தார், அவள் பிடித்துக்கொண்டே வந்தாள். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் பொருத்தமாகவே இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் எடுத்தார்கள். ரத்தம், ஸ்கேன், தொண்டை வழியாகக் குழாய். எட்டாம் நாள் டாக்டர் மாஸ்டரை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, "எடை குறைய ஆரம்பிச்சது எப்போன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

மாஸ்டர் கையோடு கொண்டுபோயிருந்த துணிப்பையை அவிழ்த்து, மூன்று பிளாஸ்டர் அச்சுகளையும் டாக்டரின் மேஜைமேல் வரிசையாக வைத்தார். இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் கொண்டுவந்திருந்தார். சரியான பதில் சொன்னால் வைத்தியத்துக்கு உதவுமே என்று அந்த மனுஷனுக்கு ஒரு எண்ணம்.

"பிப்ரவரி பதினேழுக்கு முன்னாடியே டாக்டர். இது ஏப்ரல் இருபத்தெட்டு. இது ஜூன் முப்பது. இங்க பாருங்க, இந்த மேடு. இதுலேர்ந்து இதுக்கு..." என்று விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே போனார்.

டாக்டர் அச்சுகளைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"நீங்க பல் செட்டு செய்யறவரா?"

"ஆமா."

டாக்டர் அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று மாஸ்டர் பிற்பாடு பல தடவை நினைத்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பி வைத்துவிட்டு, தணிந்த குரலில், வயிற்றில் இருக்கிறது என்றும், கல்லீரலுக்குப் பரவிவிட்டது என்றும், ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றும் சொன்னார். மருந்து கொடுத்துப் பார்க்கலாம். மாதக் கணக்கில் சொல்ல முடியும், வருஷக் கணக்கில் முடியாது.

"பிப்ரவரியில வந்திருந்தா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"அப்படி நிச்சயமா சொல்ல முடியாது," என்றார் டாக்டர். பிறகு, "ஒருவேளை ஆபரேஷன் பண்ணியிருக்கலாம்," என்றார்.

மாஸ்டர் அச்சுகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பையில் போட்டார். கை நடுங்கவில்லை. அதுவே அவருக்கு அசிங்கமாக இருந்தது.

மனைவியிடம் எதையும் மறைக்கவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து டாக்டர் சொன்னதைச் சொன்ன மாதிரியே சொன்னார். பிப்ரவரி கதையையும் சொன்னார். அவள் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தம்பிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகனைத்தான் இருவரும் தம்பி என்பார்கள்.

"நாளைக்குக் காலையில வந்துடுவான்."

"அப்போ செட்டை மாட்டி விடுங்க. பொக்கை வாயோட அவன் என்னைப் பார்க்க வேணாம்."

ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து செட்டு வாயில் நிற்கவே இல்லை. மறுநாள் காலை அவர் பசையை நிறையத் தடவி, மேல்தட்டை வைத்து, கட்டை விரலால் அண்ணத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணினார். நின்றது. பேசினால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவருக்கே தெரியாது.

மகன் வந்தான். முப்பத்து மூன்று வயது. ஒன்றரை வருஷமாக ஊருக்கு வரவில்லை, வாரம் தவறாமல் போனில் பேசுவான். போனில் குரல்தானே கேட்கும். வாசலிலேயே அம்மாவைப் பார்த்துவிட்டு அவன் கால் ஒரு கணம் தயங்கியது. பிறகு ஓடி வந்து கட்டிலில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் கைக்கு எலும்புதான் அகப்பட்டது.

"எத்தனை மாசமாம்மா இப்படி?" என்று கேட்டான். அழுகை கொஞ்சம், கோபம் கொஞ்சம். "வர்ற வழியில டாக்டரைப் பார்த்தேன். முன்னாடியே வந்திருக்கலாமேன்னு சொல்றாரு. எல்லாரும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க? அப்பா?"

மாஸ்டர் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். நாக்கின் நுனியால் மேல்தட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அப்பாவை ஒண்ணும் சொல்லாத. அவரு பிப்ரவரியிலேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போகலாம், ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டாரு. நான்தான் கேக்கல. என் பிடிவாதம் உனக்குத் தெரியும்ல?"

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தலையைத் திருப்பி அப்பாவைப் பார்த்தான். கோபம் போன முகத்தில் பரிதாபம் வந்திருந்தது.

"நீங்க சொல்லியும் அம்மா கேக்கலையாப்பா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஒரே ஒரு தலையாட்டல். மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டு, தட்டு விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டு, 'ஆட்டித் தொலைங்களேன்' என்பதுபோல் அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல தம்பி," என்றார் மாஸ்டர். "நான் சொல்லவே இல்ல. ஒரு தடவைகூடச் சொல்லல. செட்டு லூசா இருக்கு, அதான் சாப்பிடலன்னு நினைச்சேன். செட்டைத்தான் பார்த்தேன். உங்கம்மாவைப் பார்க்கல."

மகனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்பாவின் தொழில் அவனுக்குத் தெரியும். இளைத்தவர்களிடம் பெல்ட்டைக் காட்டச் சொல்லும் கதையை அப்பா சொல்லிச் சொல்லி அவனுக்கு அலுத்தே போயிருந்தது. ஒவ்வொன்றாக அவன் முகத்தில் வந்து உட்காருவதை மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் எழுந்தான். வராந்தாவுக்குப் போய்விட்டான்.

அவள் கையை வாய்க்குக் கொண்டுபோய், தளர்ந்துவிட்ட மேல்தட்டைத் தானே எடுத்துப் போர்வையின்மேல் வைத்தாள். இனிப் பிடித்துக்கொண்டிருக்க அவளுக்குத் தெம்பில்லை. பல் இல்லாத வாயோடு, குழறலாகக் கேட்டாள்.

"உங்களை யாருங்க கேட்டா? நான்தான் அழகா முடிச்சு வச்சேனே."

"பொய்தானேம்மா அது."

"பொய்யாவே இருக்கட்டும். நான் போனப்புறம் உங்களுக்குன்னு அவன் ஒருத்தன்தானே இருக்கான்? யாரு வீட்டுல போய் இருப்பீங்க? யாரு உங்களுக்கு ஒரு வாய் தண்ணி கொடுப்பாங்க? அதுக்குத்தானே சொன்னேன். அதையும் கெடுத்துக்கிட்டீங்களே."

மாஸ்டருக்கு அழுகை வந்தது. இந்த ஒன்பது நாளில் முதல் தடவையாக வந்தது. இளைத்து, பசித்து, பயந்து கிடந்தவள், தனக்குப் பின்னால் அவர் எந்த வீட்டுத் தட்டில் சாப்பிடுவார் என்பது வரைக்கும் யோசித்து வைத்திருந்தாள். அவர் அவளுடைய ஈறைத் தாண்டி யோசிக்கவில்லை.

"உன் தலையில பழியைப் போட்டுட்டு, அவன் வீட்டுல உக்காந்து தின்னா எனக்கு எறங்குமா?" என்று கேட்டார்.

அவள் போர்வையின்மேல் கிடந்த தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"எறங்காதுதான்," என்றாள். பிறகு, "போங்க. போய் அவனைக் கூட்டிட்டு வாங்க. நர்ஸை அனுப்பாதீங்க. நீங்களே போங்க," என்றாள்.

வராந்தாவின் கோடியில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகன் நின்றிருந்தான். கீழே ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் தெரிந்தது. மாஸ்டர் பக்கத்தில் போய் நின்றார். சொல்ல நியாயம் எதுவும் கையில் இல்லை.

"எத்தனை தடவை?" என்று மகன் கேட்டான். திரும்பவில்லை. "எத்தனை தடவை அம்மா வாயில அளவு எடுத்தீங்க?"

"மூணு."

"தேய்ச்சுக் கொடுத்தது?"

"அதுக்குக் கணக்கு இல்ல தம்பி. அனேகமா தினமும்."

மகன் தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டான். தோள் குலுங்கியது. தொடலாமா என்று மாஸ்டர் கையைத் தூக்கினார், தொடாமலே இறக்கிவிட்டார். ஒரு ஸ்ட்ரெச்சர் அவர்களைக் கடந்து போயிற்று. அது போகும்வரை இருவரும் சுவரோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"அம்மா கூப்பிடறா," என்றார் மாஸ்டர்.

மகன் சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"வாங்க. அம்மா தனியா இருக்காங்க," என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.

வார்த்தைக்கு வார்த்தை 'அப்பா' போடுபவன் அவன். இப்போது போடவில்லை. மாஸ்டர் அவன் பின்னால் நடந்தார்.